முள் சிவப்பில் நிற்கும்போது

எங்கள் ரோட்டில் அவரிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் யாரும் கிடையாது. அவர் பேரத்தில் கெட்டிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். சுத்தமாகத் தெரியாது. சித்திரபுரம் தாண்டி மலைப்பாதை திரும்பும் இடத்தில் என் மசாலாக் கடையும் அவருடைய கடிகாரக் கடையும் ஒரே தகரக் கூரைக்குக் கீழே இருந்தன. நடுவில் ஒரு பலகைச் சுவர். அங்கே யாராவது தும்மினால் இங்கிருந்தே நான் ‘நூறு’ சொல்லலாம். அதனால் அங்கே நடந்த வியாபாரம் எல்லாம் எனக்கும் தெரிந்த வியாபாரம்தான்.

ஒருநாள் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பழைய கப்பல் சாமான் என்றால் எந்த மூலையில் இருந்தாலும் தேடிப்போய் வாங்கிச் சேர்க்கிற ரகம். கண்ணில் சின்ன பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, ஒரு பித்தளைக் கடிகாரத்தின் திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஒரு விலை கேட்டார். வாய் கூசாமல் கேட்கிற விலை. பதில் சொல்ல வாயைத் திறந்த நம்மவர், சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி உள்ளங்கையைத் தூக்கிக் காட்டி அப்படியே நின்றுவிட்டார். வந்தவர் காத்திருந்தார். தொண்டையைச் செருமினார். விலையைக் கொஞ்சம் ஏற்றினார். கை இறங்கவில்லை. இன்னும் ஏற்றினார். கடைசியில் அந்தக் கை இறங்கியபோது, வந்த மனுஷர் தன்னோடு தானே பேரம் பேசித் தோற்றுப்போயிருந்தார்.

“என்னமோ கேட்டீங்களே சார், என்ன கேட்டீங்க?” என்றார் இவர்.

நடிப்பு இல்லை. நிஜமாகவே அவர் காதில் எதுவும் விழுந்திருக்கவில்லை.

வளைவில் வண்டி போட்டிருக்கும் ஜீப்காரர்கள் அவருக்குக் கேப்டன் என்று பெயர் வைத்திருந்தார்கள். “கேப்டன் கையத் தூக்கிட்டாரு, இனி வெல ஏறும்லே” என்று என் கடை வாசலில் நின்று சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அந்தக் கை எதற்காக எழும்புகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சிரிப்பு வந்தது. என்ன செய்வது, வருஷக்கணக்கில் அழுதுகொண்டே இருக்க யாராலும் முடியாது.

அவர் எஸ்டேட்டில் பிறந்தவர். தேயிலை ஃபாக்டரியில் சங்கு ஊதுகிற வேலை. சங்கு என்றால் சைரன். அவர் பொத்தானை அழுத்தினால்தான் லயத்து வீடுகளில் உலை வைப்பார்கள், கொழுந்து பறிக்கக் கிளம்புவார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவார்கள். தன்னால்தான் இந்த மலைக்குப் பொழுது விடிகிறது என்று ஒரு மிதப்பு அவருக்கு உண்டு. ஓய்வு பெற்ற பிறகு அந்த மிதப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் ரோட்டில் நடந்துகொண்டிருந்தவருக்குக் கடை போடச் சொல்லிக்கொடுத்தது மகன்தான்.

மகன் கப்பல்காரன். ஆபீசர் இல்லை, மேல்தளத்தில் கயிறு இழுத்து, துரு சுரண்டி, பெயின்ட் அடிக்கிற வேலை. குஜராத் கரையில் பழைய கப்பல்களை உடைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, உடைத்த கப்பலின் சாமான்களை விற்கும் கடைகள் வரிசையாக இருக்குமாம். லீவில் வரும்போது அங்கே இறங்கிக் கடிகாரங்களை வாங்கி, லுங்கியில் சுற்றிக் கொண்டுவருவான். “அப்பா, இந்த ரிசார்ட்காரங்களுக்குச் சுவர்ல மாட்ட என்னமாவது வேணும். மலையில கப்பல் கடியாரம் மாட்டினா ஒரு கெத்துப்பா” என்பான். அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ரிசார்ட்காரர்கள் வந்தார்கள். அவர்கள் பின்னால் சேகரிப்பாளர்களும் வந்தார்கள். பெட்டிக்குள் வளையத்தில் தொங்கி, பெட்டி சாய்ந்தாலும் தான் சாயாத கடிகாரம், மணியை நமக்குப் புரியாத கணக்கில் இரண்டு இரண்டாக அடிக்கிற கடிகாரம், வட்ட ஜன்னல் மாதிரி முகக் கண்ணாடி திறக்கிற கடிகாரம் என்று அவர் கடை ஒரே டிக்டிக்.

வடக்கே எங்கேயோ புதிதாகச் செய்து, புளியும் அமிலமும் போட்டுப் பழசாக்கி விற்கிற பித்தளைக் கடிகாரங்களும் அவரிடம் உண்டு. அவற்றைத் தனி அலமாரியில் வைத்திருந்தார். யாராவது ஆசையாகக் கையில் எடுத்தால், “அது கடல் பாக்காததுங்க” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். ஜீப்காரர்கள் அதையும் விடவில்லை. “கேப்டனே கடல் பாக்காதவருதான். எந்த அலமாரில வைக்கிறது?” என்பார்கள். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. “மகன் பாத்துட்டான்லா, வீட்டுக்கு ஒருத்தன் போதும்” என்பார்.

சுவரில் இருந்த அந்தக் கடிகாரமும் மகன் கொண்டுவந்ததுதான். ஒரு கப்பலின் ரேடியோ அறையில் இருந்தது. வெள்ளை முகத்தில் மூன்றுக்கு அடுத்து ஒரு சிவப்புத் துண்டு, ஒன்பதுக்கு அடுத்து ஒரு சிவப்புத் துண்டு. பலாச்சுளை அளவுக்கு, நடுவிலிருந்து ஓரம்வரை சாயம் பூசியிருக்கும். அது என்னவென்று மகன் சொன்னபோது நானும் அந்தக் கடையில் இருந்தேன். கால் மணியிலும் முக்கால் மணியிலும் நிமிட முள் அந்தச் சிவப்புக்குள் நுழைந்தால், அதைத் தாண்டும் மூன்று நிமிடமும் கடலில் இருக்கும் எந்தக் கப்பலும் பேசக் கூடாது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காது மட்டும் கொடுக்க வேண்டும். எங்கேயாவது ஒருவன் ஆபத்தில் இருந்து, சத்தம் போடத் தெம்பில்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தால், அந்த மூன்று நிமிடத்தில் அவன் குரல் கேட்கும்.

அது பழைய காலத்து வழக்கம் என்று மகன் சொன்னானா, சொல்லவில்லையா என்று எனக்கு நினைவில்லை. சொல்லியிருந்தாலும், அப்பாவின் வாயில் அந்தப் பகுதி தங்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லித்தான் அவர் மற்றக் கடிகாரங்களை விற்றார். நன்றாகச் சொல்வார். வெள்ளைக்காரிகள் கையை நீட்டிப் புல்லரித்ததைக் காட்டுவார்கள். “அண்ணாச்சி, இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே தோணில ஏறப் பயமாயிருக்கு” என்று நான் பலகைக்கு இந்தப் பக்கமிருந்து கேலி செய்வேன்.

மகனுக்குக் கல்யாணமானது அப்படி ஒரு லீவில்தான். பெண் ஆனைக்கரைக்காரி, ஏலக்காய்த் தோட்டத்துப் பக்கம். பெயர் ஈஸ்வரி. தாலி ஏறிய கழுத்தின் மஞ்சள் வெளுப்பதற்குள் அவன் கப்பலுக்குப் போனான். அடுத்த லீவுக்கு வந்தான், திரும்பவும் போனான். அதோடு சரி. ஒரு காலையில் போன் வந்தது. இந்தத் துறைமுகத்துக்கும் அந்தத் துறைமுகத்துக்கும் நடுவில், காலை வேலைக்கு ஆளைக் காணோம். கப்பலைத் திருப்பித் தேடினோம். கிடைக்கவில்லை. அவ்வளவுதான் சொன்னார்கள். விழுந்தானா, குதித்தானா, அலை அடித்துக்கொண்டு போனதா, யாருக்கும் தெரியாது. கடைசிவரை தெரியவில்லை. அவன் அம்மா அந்தத் துக்கத்திலேயே படுத்து, அடுத்த மழைக்குள் போய்விட்டாள்.

கொச்சியில் இருந்த கப்பல் கம்பெனியின் ஆபீசுக்கு அவரையும் ஈஸ்வரியையும் நானும் என் வீட்டுக்காரரும்தான் ஜீப்பில் கூட்டிப்போனோம். ஆபீசில் தண்ணீர் கொடுத்தார்கள், வருத்தம் தெரிவித்தார்கள். திரும்பும் வழியில் கடற்கரையில் நிறுத்தச் சொன்னார். அன்றைக்குத்தான் அவர் முதல் தடவையாகக் கடல் பார்த்தார். மணலில் நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ரொம்ப நேரம் கவனித்தார். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பி, ஏமாந்துபோன முகத்தோடு சொன்னார்.

“தங்கச்சி, இம்புட்டு சத்தம் போடுது. இதுக்குள்ள எப்படிக் கேக்கும்?”

மறுநாள் கடையைத் திறந்தார். முள் சிவப்புக்குள் போனதும் கையைத் தூக்கினார். இங்கே மலையில் சத்தம் இல்லை, இங்கே கேட்கும் என்று அவர் முடிவு செய்திருக்க வேண்டும்.

முதலில் நாங்கள் எல்லோரும் அவரோடு சேர்ந்து வாயை மூடினோம். பாவம், பெற்ற மனசு என்று விட்டோம். ஜீப்காரர்கள் பாட்டை நிறுத்துவார்கள். நான் மிளகு அளக்கிற படியைச் சத்தமில்லாமல் கீழே வைப்பேன். ஒரு வருஷத்தில் ஆறிவிடும் என்று நினைத்தோம். ஆறவில்லை. பஸ்ஸில் போனால் கைக்கடிகாரத்தைப் பார்த்து டிரைவரிடம் பாட்டை அணைக்கச் சொல்லிச் சண்டை. கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து இவர் கை எழும்பும். கெட்டிமேளம் நிற்குமா? நிற்காது. காதைப் பொத்திக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே ஓடுவார். பிறகு கல்யாணங்களுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. வீட்டில், முள் சிவப்பை நெருங்குகிற நேரத்தில் குக்கர் அடுப்பில் இருக்கக் கூடாது. ஈஸ்வரி அரைவேக்காட்டுப் பருப்பை இறக்கி வைத்துவிட்டு நிற்பாள்.

ஈஸ்வரியைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. பக்கத்து ரிசார்ட்டில் அறைகளுக்குப் படுக்கை விரிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பொட்டு வைப்பாள், பூ வைக்க மாட்டாள். விசேஷ வீடுகளில் அவளைச் சுமங்கலி வரிசையில் நிறுத்துவதா, பின்னால் உட்கார வைப்பதா என்று பெண்கள் விழிப்பார்கள். அந்த முழியைப் பார்த்துவிட்டு அவளே அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். ஒருநாள் என் கடையில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள், தலை நிமிராமல் சொன்னாள்.

“அக்கா, எனக்கு அவுக முகம் மறந்துக்கிட்டே வருது. போட்டோல இருக்கிற முகம்தான் ஞாபகம் வருது. நேர்ல பாத்த முகம் போயிட்டு.”

அவளுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை.

அவளுடைய அண்ணன் ஆனைக்கரையிலிருந்து வந்தான். பொறுமையான பையன். பீர்மேட்டில் ஒரு மாப்பிள்ளை, மனைவி இறந்தவர், சொந்தமாக ஜீப் ஓட்டுகிறார், ஈஸ்வரியைப் பார்த்திருக்கிறார், சம்மதம். ஒரே ஒரு காரியம்தான் பாக்கி. காணாமல் போனவனுக்குத் தர்ப்பையில் ஆள் செய்து, பெற்றவர் கையால் எரித்துக் கருமாதி முடித்துவிட்டால், அவள் கழுத்தில் இருப்பதைக் கழற்றலாம். “மாமா வாயால ‘அவன் இல்ல’ன்னு சொல்லட்டும். அப்பதான் நான் கழட்டுவேன். அவருக்கு முன்னால என்னால முடியாது” என்று ஈஸ்வரி அண்ணனிடம் திட்டமாகச் சொல்லியிருந்தாள்.

அவர் ஒரே அடியாக மறுக்கவில்லை. நான் சாட்சி. தலையைக் குனிந்துகொண்டு, “ஆடி போகட்டும்யா. ஆடி போனதும் சொல்லுதேன்” என்றார். குரல் இறங்கியிருந்தது. அன்று ஈஸ்வரி என் கடைக்கு வந்து, ஒன்றும் வாங்காமல், சும்மா நின்று சிரித்துவிட்டுப் போனாள். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் உண்டென்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்த ஆடியில்தான் அது நடந்தது. கடும் பனிமூட்டம். பட்டப்பகலில் எதிர்க் கடை தெரியவில்லை. மழைச் சத்தம் சற்று ஓய்ந்த நேரம், முள் சிவப்புக்குள் போனது, அவர் கை எழும்பியது, நாங்கள் வழக்கம்போல வாயை மூடினோம். திடீரென்று கடையிலிருந்து இறங்கி ரோட்டுக்கு ஓடினார். “கேக்கு! கேக்கு! ஒருத்தன் கூப்பிடுதான்!” என்று கத்தினார். மனுஷருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஜீப்காரர்கள் கயிறு கட்டி இறங்கிப் பார்த்தபோது, வளைவுக்குக் கீழே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் பைக்கோடு ஒரு பையன் கிடந்தான். எறணாகுளத்திலிருந்து சுற்றிப்பார்க்க வந்தவன். கால் ஒடிந்து, குரல் போய், முனகிக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் குளிரிலேயே செத்திருப்பான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

பையனின் பெற்றோர் வந்து அவர் காலில் விழுந்தார்கள். பஞ்சாயத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். பத்திரிகைக்காரன் அந்தக் கடிகாரத்தோடு அவரை நிற்கவைத்துப் படம் எடுத்தான். என்ன தோன்றுகிறது என்று கேட்டதற்கு, “கேட்டாத்தான் கேக்கும்” என்றார். முகம் ஜொலித்தது. கூட்டத்துக்குப் பின்னால் ஈஸ்வரி நின்றாள். அவள் முகத்தை நான் மட்டும்தான் பார்த்தேன். பையன் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம், பெற்றவள் வயிற்றில் பால் வார்த்தார் அந்த மனுஷர், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையன் வேறு ஏதாவது வளைவில் விழுந்திருக்கக் கூடாதா என்றும் நினைத்தேன். நினைத்ததை நினைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆடி முடிந்தது. அண்ணன் வந்தான். “பாத்தீல்லா?” என்றார் அவர். “ஊரான் பிள்ளை கூப்பிட்டதே எனக்குக் கேட்டுச்சு. என் பிள்ளை கூப்பிட்டா கேக்காதா? இன்னைக்கு நான் அவனை எரிச்சிட்டு, நாளைக்கு அவன் வாசல்ல வந்து நின்னா, நீ பதில் சொல்லுவியா?” அண்ணன் வந்த வழியே திரும்பினான். பீர்மேட்டு மாப்பிள்ளை சில மாதம் பார்த்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார்.

பிறகு சில வருஷங்கள் அப்படியே ஓடின. ஒரு வெயில்காலத்தில் கொச்சியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மலையாளி, கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய கப்பல் கடிகாரங்களைச் சேர்ப்பதுதான் இப்போது பொழுதுபோக்காம். சிவப்புத் துண்டுக் கடிகாரத்தைப் பார்த்ததும், தொலைந்த உறவுக்காரரைக் கண்ட மாதிரி பக்கத்தில் போய் நின்றுவிட்டார்.

“இது அசல் சாதனம் சேட்டா. இந்தச் சிவப்பைப் பார்த்துப் பார்த்தே என் தலை நரைச்சு போச்சு” என்றார்.

நம்மவருக்கு ஒரே குஷி. முள் சிவப்புக்குள் போனது. இருவரும் சேர்ந்து வாயை மூடினார்கள். வந்தவர் ஒரு விளையாட்டுக்கு என்று நினைத்து மூடியிருக்கிறார். சிவப்பைத் தாண்டியதும் சிரித்துக்கொண்டே சொன்னார்: “இதொக்கே பண்டு, பழைய காலத்துல, சேட்டா. இப்போ இல்ல. இப்போ கப்பல்ல ரேடியோ ஆபீசரே கிடையாது. எல்லாம் மெஷின் பார்த்துக்கும். யாரும் வாய் மூட வேண்டாம், யாரும் காது கொடுக்க வேண்டாம்.”

“எப்ப நின்னுச்சு?”

“அது ரொம்ப வருஷமாச்சே.” மகனைப் பற்றி அவரிடம் யாரோ முன்பே சொல்லியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “உங்க மகன் ஸ்கூல்ல படிக்கிற காலத்திலயே நின்னுபோச்சு.”

ஈஸ்வரி அப்போது டீ கொண்டுவந்திருந்தாள். தட்டோடு வாசலில் நின்றுவிட்டாள். நான் என் கடையை விட்டு எழுந்து வந்துவிட்டேன்.

“அப்போ அவன் கூப்பிட்டிருந்தா, யாரு கேட்டிருப்பா?” என்றார் அவர்.

வந்தவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். “தண்ணியில விழுந்தவன் கையில ரேடியோ இருக்காது, சேட்டா” என்றார்.

முடிந்தது என்று நினைத்தேன். இனியாவது இந்தக் கை எழும்பாது, இந்தப் பெண்ணுக்கு ஒரு வழி பிறக்கும் என்று நினைத்தேன். அவர் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஷிஃப்டுக்கு மற்றவர்கள் யாரும் வரவில்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்ட ஆள் மாதிரி இருந்தது முகம்.

“அப்ப யாருமே கேக்கலையா” என்றார். “நான் ஒருத்தன்தான் கேக்கேனா.”

அதற்குப் பிறகு அவர் கடையை விட்டு எங்கும் போவதில்லை. சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவதுகூட நின்றது. விட்டுப்போனால் கேட்க வேறு ஆள் இல்லையே. ஈஸ்வரிதான் தூக்குவாளியில் சோறு கொண்டுவருவாள். வந்த ரேடியோ ஆபீசர் அந்தக் கடிகாரத்துக்கு விலை கேட்கத்தான் அத்தனை தூரம் வந்தாராம். கேட்காமலே போய்விட்டார்.

அண்ணன் கடைசியாக வந்தது அந்த வருஷம்தான். கல்யாணம் காட்சி ஒன்றும் வேண்டாம், எங்களோடு வந்து இருந்தால் போதும், ஏலக்காய் ஸ்டோரில் வேலை இருக்கிறது என்று தங்கையைக் கரைத்திருந்தான். ஜீப் ரோட்டில் நின்றது. ஈஸ்வரி ஒரு பையோடு வந்து கடைக்குள் ஏறினாள்.

“மாமா, நான் அண்ணன்கூடப் போறேன். உங்களுக்குச் சோத்துக்கு அக்காகிட்டச் சொல்லிருக்கேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. ‘அவன் இல்ல தாயி, நீ போ’ன்னு சொல்லுங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல.”

அவர் வாயைத் திறந்தார். சொல்லத்தான் திறந்தார் என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன். முள் சிவப்புக்குள் போனது. கை எழும்பியது.

எப்போதும் அந்தக் கைக்கு அடங்கிப்போகிறவள் அன்று அடங்கவில்லை. “மாமா, நானும் இங்கதான் நிக்கேன்” என்றாள். “நானும்தான் கூப்பிடுதேன். எத்தனை வருஷமாக் கூப்பிடுதேன். எங்கயோ கடல்ல கூப்பிட்டா கேக்கும், இங்க நின்னு கூப்பிட்டா கேக்காதா? மாமா!”

அவர் கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஜன்னல் பக்கம் சாய்த்து நின்றார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மோவாயில் சொட்டியது. அன்று அவருக்குக் கேட்டது. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. ஆனாலும் கை இறங்கவில்லை. அவள் பேசிப் பேசி, அழுது, குரல் உடைந்து நின்ற பிறகுதான் முள் சிவப்பைத் தாண்டியது.

“என்ன தாயி, சொல்லு” என்றார்.

“ஒண்ணுமில்ல மாமா. சோறு ஆறிப்போகும், சாப்பிடுங்க” என்றாள் ஈஸ்வரி. பையை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். அண்ணன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்துவிட்டு, தனியாகப் போனான்.

அன்று நான் அவரைச் சும்மா விடவில்லை. என் வாயில் என்னவெல்லாமோ வந்தது. “நீரெல்லாம் மனுசனா அண்ணாச்சி? செத்தவனுக்காக ஒருத்தியை உயிரோட பொதைக்கீரே!” என்று ரோட்டில் நின்று கத்தினேன். அவர் ஒரு துணியால் ஏதோ ஒரு கடிகாரத்தின் பித்தளையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் ஓய்ந்ததும் சொன்னார்:

“தங்கச்சி, அவளைப் போன்னு சொல்ல எனக்கு வாய் இருக்கு. அவன் செத்துட்டான்னு சொல்லத்தான் வாய் இல்ல. ரெண்டும் ஒண்ணாப் போச்சே, நான் என்ன செய்ய?”

எனக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை. அந்த ஆளை வெறுக்கவும் முடியாமல், மன்னிக்கவும் முடியாமல், பலகைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். கடையில், நாற்காலியில், உட்கார்ந்தபடியே. ஒரு கை மடியில் இருந்தது, ஒரு கை கீழே தொங்கியது. வீட்டு முற்றத்தில் கிடத்தியிருந்தபோது, சடங்கு செய்ய வந்த பெரியவர் கேட்டார்: “கொள்ளி யாரு? மகன் இருக்கானா, இல்லையா? இருந்தா அவன் பேரைச் சொல்லி, அவனுக்குப் பதிலா வேற ஆள் வைக்கணும். இல்லைன்னா பங்காளி தன் பேருக்கே வைக்கலாம். தெளிவாச் சொல்லுங்க.”

எல்லோரும் ஈஸ்வரியைப் பார்த்தோம். எத்தனையோ வருஷமாக அவர் வாயிலிருந்து வராத வார்த்தை, இப்போது அவள் நாக்கில் இருந்தது. கையைத் தூக்கி நிறுத்த ஆள் இல்லை. ஆனைக்கரையிலிருந்து வந்த அண்ணன் அவள் பக்கத்தில் போய் நின்று தோளைத் தொட்டான். சொல்லு தாயி, சொல்லிவிடு என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

அவள் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலைமாட்டு விளக்கைத் தூண்டிவிட்டாள்.

“இருக்காக” என்றாள். “கப்பல்ல இருக்காக. அவுக பேரைச் சொல்லியே வையுங்க.”

காரியம் முடிந்த பிறகு ரிசார்ட் வேலையை விட்டுவிட்டு, கடையைத் திறந்து அவளே உட்கார ஆரம்பித்தாள். அண்ணன் போன் செய்தால் எடுப்பதில்லை. நேற்று அவன் என் போனுக்குக் கூப்பிட்டு, “அக்கா, நான் வண்டி எடுத்துக்கிட்டு வாறேன், வாறேன்னு ஒரு வார்த்தை மட்டும் அவளைச் சொல்லச் சொல்லுங்க” என்று அழுதான். அழைப்பில் இருந்த போனைக் கையில் பிடித்துக்கொண்டே அந்தப் பக்கம் போனேன்.

“ஈஸ்வரி, அண்ணன் லைன்ல இருக்கான், ஒரு வார்த்தை பேசு” என்றேன்.

அவள் சுவரைப் பார்த்தாள். உள்ளங்கையை என் பக்கம் தூக்கிக் காட்டினாள்.

எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆங்காரம் வந்ததோ தெரியவில்லை. வாயை மூடக் கூடாது, இந்தத் தடவை நான் மூடக் கூடாது என்று நின்றேன். “ஈஸ்வரி” என்றேன். “ஏட்டி ஈஸ்வரி” என்று கத்தினேன். ரோட்டில் ஜீப்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போனுக்குள் அவள் அண்ணனும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மேஜையைத் தட்டினேன். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். அவள் தலையை ஜன்னல் பக்கம் சாய்த்தபடி, இமை அசையாமல் இருந்தாள்.

முள் சிவப்பைத் தாண்டியது. கை இறங்கியது. என் பக்கம் திரும்பி, சாதாரணமாகக் கேட்டாள்.

“என்னக்கா, கூப்பிட்டீங்களா?”